வடிகட்டியைத் தரவாகவே வைத்திருத்தல்: மாறும் நிபந்தனைகளுக்கு ஓர் எளிய அறிமுகம்

கிளிநொச்சி மாவட்டத்தில் கமக்காரர் அமைப்புகள் சில ஒன்றுகூடி நடத்தும் சம்மேளனம் ஒன்றின் அங்கத்தவர் பதிவேட்டைக் கொப்பியிலிருந்து கணினிக்கு மாற்றிக் கொடுத்தபோது, அதன் செயலாளர் என்னிடம் கேட்ட முதற்கேள்வி மிகவும் சிறியது. "தம்பி, கரைச்சிப் பிரிவில இரணைமடுக் குளத்துக்குக் கீழ வயல் உள்ள ஆக்களை மட்டும் எடுத்துத் தாங்கோ" என்றார். எடுத்துக் கொடுத்தேன். அடுத்த நாள் அக்கராயன் குளத்தையும் சேர்க்கச் சொன்னார். அதற்கடுத்த நாள் இரண்டு ஏக்கருக்குக் குறையாதவர்கள் மட்டும் போதும் என்றார். சிறுபோகம் நெருங்கியதும் கேள்விகள் இன்னும் பெருகின. குளத்தில் நிற்கும் நீரைப் பார்த்துத்தான் அந்தப் போகத்துக்கு எவ்வளவு வயல் விதைப்பது என்று முடிவெடுக்கிறார்கள். ஆகவே கூட்டத்துக்குக் கூட்டம் தேவைப்படும் பட்டியலும் வேறுபடுகிறது. ஒவ்வொரு கேள்விக்கும் நான் புதிதாக ஒரு வினவலை, அதாவது தரவுத்தளத்திடம் கேட்கும் கட்டளையை, எழுதிக்கொண்டிருப்பது நடக்காத காரியம் என்பது அந்த ஒரு கிழமையிலேயே தெரிந்துவிட்டது.

பயனர் திரையில் தெரிவுசெய்வதற்கேற்பத் தரவுத்தளத்துக்குப் போகும் நிபந்தனையைச் செய்நிரலே ஓடும் நேரத்தில் கட்டிக்கொள்வதை மாறும் வடிகட்டல் என்கிறோம். பிரிவு, குளம், ஏக்கர், நெல்லின் வயது, போகம் என்று ஐந்து புலங்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றையும் பயனர் நிரப்பலாம், வெறுமையாகவும் விடலாம். அப்படியானால் நிரப்பும் விதங்கள் 32. புலங்கள் எட்டானால் 256. ஒவ்வொரு விதத்துக்கும் தனித்தனி வினவலை முன்கூட்டியே எழுதிவைக்க முடியாது. எனவே துண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு, தேவையானவற்றைத் தேவையான நேரத்தில் கோக்க வேண்டும். துண்டுகளை எந்த வடிவத்தில் வைத்திருக்கிறோம் என்பதில்தான் எல்லாச் சிக்கலும் தொடங்குகிறது, எல்லாத் தீர்வும் அங்கேயே கிடைக்கிறது.

புதிதாகக் கற்பவர்கள் ஏறத்தாழ எல்லோரும் முதலில் செய்வது சரங்களை, அதாவது எழுத்துத் தொடர்களை, ஒட்டுவதுதான். நானும் அப்படித்தான் தொடங்கினேன். குளம் நிரப்பப்பட்டிருந்தால் வினவலின் கடைசியில் "மற்றும் குளம் = 'இரணைமடு'" என்று ஒட்டுவது, ஏக்கர் நிரப்பப்பட்டிருந்தால் அதையும் ஒட்டுவது, முதல் துண்டுக்கு முன்னால் "மற்றும்" வந்துவிடாமல் இருக்க "1 = 1" என்று எப்போதும் உண்மையான ஒரு நிபந்தனையை முன்னால் போட்டுவைப்பது என்று அந்த வழி போகும். (வினவல்களை எழுதும் மொழியான எஸ்கியூஎல்லில் இந்த இணைப்புச் சொற்கள் ஆங்கிலத்தில் இருக்கும். விளக்கம் தெளிவாக இருக்கட்டும் என்று இங்கே அவற்றைத் தமிழில் எழுதுகிறேன்.) சிறிய வேலைக்கு இது ஓடும். மன்னார்க் கரையோரக் கத்தோலிக்கக் குடும்பம் ஒன்றின் பெயர் டி'குரூஸ் என்று பதிவாகும் நாளில் நின்றுவிடும். பெயருக்குள் இருக்கும் அந்த ஒற்றை மேற்கோள் குறியைத் தரவுத்தளம் சரத்தின் முடிவென்று எடுத்துக்கொள்கிறது. மீதமுள்ள "குரூஸ்" அதற்குப் புரியாத கட்டளையாகிவிடுகிறது.

டி'குரூஸ் என்ற பெயரால் வந்தது வெறும் பிழைச் செய்தி. அதே இடைவெளியில் ஒருவர் வேண்டுமென்றே ஒரு கட்டளையை எழுதி அனுப்பினால், தரவுத்தளம் அதையும் நிறைவேற்றும். எஸ்கியூஎல் உட்செலுத்தல் என்று அழைக்கப்படும் இந்தத் தாக்குதல் 1998இல் பிராக் என்ற இணைய இதழில் வெளிப்படையாக விளக்கப்பட்டது. அதன் பிறகு இத்தனை ஆண்டுகள் ஆகியும் இது ஒழியவில்லை. ஏன் என்பதற்கு மொழியின் பிறப்பிலேயே ஒரு காரணம் இருக்கிறது. எட்கர் கொட் 1970இல், தரவை அட்டவணைகளாக வைக்கும் தொடர்புநிலைத் தரவு மாதிரியை வெளியிட்டார். அதன்மீது 1974இல் ஐபிஎம் ஆய்வாளர்களான டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பொய்சும் அமைத்த சீக்குவல் என்ற மொழிதான் பின்னர் எஸ்கியூஎல் ஆயிற்று. கணினித் துறையைச் சேராதவரும் தம் கேள்வியைத் தாமே எழுதிக் கேட்க வேண்டும் என்பது அவர்களுடைய நோக்கம். அதனால் அது மனிதர் வாசிக்கும் வாக்கியம்போல அமைந்தது. இன்று அந்த வாக்கியத்தைப் பெரும்பாலும் செய்நிரல்களே எழுதுகின்றன. எது கட்டளை, எது பயனர் தந்த பெறுமானம் என்ற எல்லை, சரங்களை ஒட்டும் கணத்தில் அழிந்துபோகிறது.

ஆகவே ஒட்டுவதை விட்டுவிட்டு, நிபந்தனையைத் தரவாகவே வைத்திருக்க வேண்டும். எந்த ஒரு தனி நிபந்தனையையும் பிரித்துப் பார்த்தால் அதில் மூன்றே உறுப்புகள் இருக்கும்: எந்தப் புலம், எந்த ஒப்பீடு, எந்தப் பெறுமானம்.

{ "புலம்": "ஏக்கர்", "ஒப்பீடு": ">=", "பெறுமானம்": 2 }

இது வினவலின் துண்டு அன்று. வெறும் தகவல். இதைக் கோப்பில் சேமிக்கலாம், வலைப்பக்கத்திலிருந்து ஜேசன் என்ற தரவு வடிவத்தில் அனுப்பலாம், இன்னொன்றோடு ஒப்பிடலாம், ஓர் உறுப்பை மட்டும் மாற்றலாம். ஒட்டிய சரத்தில் இவற்றுள் ஒன்றையும் நம்பிச் செய்ய முடியாது.

பல நிபந்தனைகள் சேரும்போது பட்டியல் மட்டும் போதாது, மரம்போலக் கிளை பிரியும் அமைப்பு வேண்டும். செயலாளரின் இரண்டாம் நாள் கேள்வியை எடுத்துக்கொள்வோம். "இரணைமடுவையும் அக்கராயனையும் சேர்ந்த ஆக்கள்" என்று அவர் சொன்னார். தமிழில் அது பிழையற்ற வாக்கியம். அதில் இருப்பது எண்ணும்மை. ஆனால் அந்த "உம்" என்ற இடைச்சொல்லை அப்படியே "மற்றும்" என்று மாற்றிக் கணினிக்குக் கொடுத்தால், ஒரே வயலின் குளம் ஒரே நேரத்தில் இரணைமடுவாகவும் அக்கராயனாகவும் இருக்க வேண்டும் என்றாகிவிடும். ஒருவரும் பட்டியலில் வரமாட்டார்கள். மனிதர் இரண்டு கூட்டங்களைச் சேர்ப்பதற்கு உம்மை போடுகிறார். கணினியோ ஒவ்வொரு நிரையையும், அதாவது பதிவேட்டின் ஒவ்வொரு பதிவையும், தனித்தனியே எடுத்துச் சோதிக்கிறது. கூட்டங்களைச் சேர்ப்பது, நிரையைச் சோதிக்கும்போது "அல்லது" ஆகிவிடும். எனக்குத் தெரிந்த மாணவர்களில் பலர் தடுமாறும் இடம் இதுதான். அவர்களுடைய தருக்க அறிவில் குறை இருப்பதாக நான் நினைக்கவில்லை. பேச்சுமொழி அவர்களை அந்தப் பக்கம் இழுத்துச் செல்கிறது. இரண்டுக்கும் நடுவில் மொழிபெயர்ப்பு ஒன்று தேவைப்படுகிறது என்பதை முதல் நாளிலேயே சொல்லிக்கொடுத்துவிட வேண்டும்.

அந்தக் கேள்வியோடு மூன்றாம் நாள் கேட்ட ஏக்கர் நிபந்தனையையும் சேர்த்தால் மரம் இப்படி அமையும்:

{ "மற்றும்": [
    { "புலம்": "பிரிவு", "ஒப்பீடு": "=", "பெறுமானம்": "கரைச்சி" },
    { "அல்லது": [
        { "புலம்": "குளம்", "ஒப்பீடு": "=", "பெறுமானம்": "இரணைமடு" },
        { "புலம்": "குளம்", "ஒப்பீடு": "=", "பெறுமானம்": "அக்கராயன்" } ] },
    { "புலம்": "ஏக்கர்", "ஒப்பீடு": ">=", "பெறுமானம்": 2 } ] }

மரத்தில் இரண்டு வகைக் கணுக்களே உள்ளன. கிளைக்கணு "மற்றும்" அல்லது "அல்லது" என்று பெயர் சொல்லித் தன் பிள்ளைகளைச் சேர்த்துப் பிடிக்கிறது. இலைக்கணு மூன்று உறுப்புள்ள தனி நிபந்தனை. இதை வினவலாக மாற்றத் தன்னைத் தானே அழைக்கும் சிறிய சார்பு (ஒரு வேலையைச் செய்து விடையைத் திருப்பும் செய்நிரல் துண்டு) ஒன்று போதும்:

சார்பு மொழிபெயர்(கணு):
    கணு கிளை எனில்:
        துண்டுகள் = ஒவ்வொரு பிள்ளைக்கும் மொழிபெயர்(பிள்ளை)
        திருப்பு "(" + துண்டுகளை இணைப்புச் சொல்லால் கோத்தது + ")"
    இல்லையெனில்:
        புலம் = அனுமதித்த புலங்களில் தேடு(கணு.புலம்)
        குறி = அனுமதித்த குறிகளில் தேடு(கணு.ஒப்பீடு)
        பெறுமானங்கள் பட்டியலில் சேர்(கணு.பெறுமானம்)
        திருப்பு புலம் + குறி + "?"

மேலே உள்ள மரத்தை இதற்குக் கொடுத்தால் இரண்டு பொருள்கள் கிடைக்கின்றன. ஒன்று, வினவலின் நிபந்தனைப் பகுதி:

(பிரிவு = ? மற்றும் (குளம் = ? அல்லது குளம் = ?) மற்றும் ஏக்கர் >= ?)

மற்றையது, பெறுமானங்களின் பட்டியல்: "கரைச்சி", "இரணைமடு", "அக்கராயன்", 2. இவை இரண்டையும் தரவுத்தளத்துக்கு வெவ்வேறாகவே அனுப்புகிறோம். முதலில் கேள்விக்குறிகள் உள்ள வாக்கியத்தைத் தரவுத்தளம் படித்து அதன் அமைப்பை முடிவுசெய்துகொள்கிறது. பெறுமானங்கள் அதன் பிறகே வந்து இடங்களில் அமர்கின்றன. டி'குரூஸ் என்ற பெயரின் மேற்கோள் குறி அந்நேரத்தில் பெயரின் ஓர் எழுத்து மட்டுமே. கட்டளையாகும் வழி அதற்கு இல்லை. மைஎஸ்கியூஎல், எஸ்கியூலைட் ஆகிய தரவுத்தள மென்பொருள்களில் இந்த இடத்தைக் கேள்விக்குறியால் காட்டலாம். போஸ்ட்கிரெஸ் டொலர்க் குறியோடு எண் போட்டு $1, $2 என்று காட்டும். வடிவம் எதுவானாலும், கேள்விக்குறிகளின் வரிசையும் பெறுமானங்களின் வரிசையும் பொருந்த வேண்டும். மரத்தில் ஒருமுறை நடக்கும்போதே இரண்டையும் கட்டுவதால் இந்தச் சார்பில் அது தானாகவே பொருந்துகிறது.

அடைப்புக்குறிகளை இந்தச் சார்பு ஒவ்வொரு கிளைக்கும் போடுவதைக் கவனியுங்கள். எஸ்கியூஎல்லில் "அல்லது" என்பதைவிட "மற்றும்" இறுக்கமாகப் பிணைக்கும். அடைப்பில்லாமல் எழுதினால், கரைச்சிப் பிரிவின் இரணைமடுக்காரர் எல்லோரும் ஏக்கர் பாராமல் ஒரு பக்கம், இரண்டு ஏக்கருக்குக் குறையாத அக்கராயன்காரர் மறுபக்கம் என்று பொருள் மாறிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. பட்டியல் மட்டும் தவறாக இருக்கும். தேவைக்கு மேல் அடைப்பு இருந்தால் ஒரு கேடும் இல்லை.

கேள்விக்குறி பெறுமானத்தின் இடத்தில் மட்டும் செல்லும், புலத்தின் பெயர் இருக்கும் இடத்திலோ ஒப்பீட்டுக்குறி இருக்கும் இடத்திலோ செல்லாது. அவை வாக்கியத்தின் அமைப்பைச் சேர்ந்தவை. எனவே பயனர் பக்கத்திலிருந்து வரும் புலப் பெயரை அப்படியே எடுத்து வினவலில் வைத்தால், முன்வாசலைப் பூட்டிவிட்டுப் பின்வாசலைத் திறந்துவைத்தது போலாகும். அதனால்தான் சார்பில் "அனுமதித்த புலங்களில் தேடு" என்ற படி இருக்கிறது. நாம் எழுதிவைத்த சிறிய அட்டவணையில் வெளியிலிருந்து வந்த பெயரைத் தேடி, அட்டவணையில் உள்ள நம் சொந்தச் சொல்லையே வினவலில் வைக்கிறோம். இல்லாத பெயர் வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திப் பிழை சொல்ல வேண்டும். வரிசைப்படுத்தும் புலத்துக்கும் இதே விதிதான், பலர் அதை மறந்துவிடுகிறார்கள். வன்னியில் வளர்ந்த மாணவருக்கு நான் குளத்தையே காட்டுவதுண்டு. குளத்து நீர் வயலுக்கு வருவது துரிசு வழியாகத்தான், வேண்டிய அளவுக்குத் திறந்து மூடலாம். குளக்கட்டை வெட்டி நீர் எடுப்பவர் எவரும் இல்லை. வடிகட்டி எங்கிருந்து வந்தாலும் இந்த ஒரு சார்பின் வழியாகவே தரவுத்தளத்தை அடைய வேண்டும்.

வெறுமையாக வருபவை

இனி நான் செய்த ஒரு பிழையைச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்தப் பொருளில் மிகவும் ஆழமான இடம் அதுவே. காலபோகத் தொடக்கத்தில் விதைநெல் வந்திருப்பதாக, தெரிவுசெய்த கிராமத்தவருக்கு மட்டும் குறுஞ்செய்தி அனுப்பும் பக்கம் ஒன்றை எழுதியிருந்தேன். நிரப்பாத புலத்தைத் தவிர்த்துவிட வேண்டும் என்ற விதியின்படி, வெறும் பட்டியல் வந்தால் அந்த நிபந்தனையையே விட்டுவிடும்படி செய்திருந்தேன். ஒரு நாள் கிராமம் எதையும் தெரிவுசெய்யாமல் அனுப்பும் பொத்தான் அழுத்தப்பட்டது. நிபந்தனை மறைந்தது, செய்தி எல்லா அங்கத்தவர்க்கும் போனது. மறுநாள் காலையில் பூநகரியிலிருந்தும் பச்சிலைப்பள்ளியிலிருந்தும் பஸ்ஸில் வந்தவர்கள் களஞ்சிய வாசலில் வெறுங்கையோடு நின்றார்கள். ஒரு நாள் வேலையை விட்டு வந்த வயதானவர்கள் அவர்கள். அன்று அவர்களிடம் சொல்ல என்னிடம் எதுவும் இருக்கவில்லை.

பிழை எங்கே? "கட்டுப்பாடு ஒன்றும் இல்லை" என்பதும் "ஒருவரும் தெரிவுசெய்யப்படவில்லை" என்பதும் வேறு வேறு செய்திகள். இரண்டையும் நான் ஒரே வெறுமையாக எடுத்துக்கொண்டேன். தருக்கத்தில் இதற்குத் தெளிவான விதி உண்டு. பிள்ளை எதுவுமில்லாத "மற்றும்" கணு உண்மை, பிள்ளை எதுவுமில்லாத "அல்லது" கணு பொய். நிறைவேற்ற வேண்டிய நிபந்தனை ஒன்றும் இல்லையென்றால் எல்லாம் நிறைவேறியதாகவே கொள்ள வேண்டும். பொருந்தக்கூடிய தெரிவு ஒன்றும் இல்லையென்றால் எதுவும் பொருந்தாது. கிராமப் பட்டியல் என்பது "அல்லது" கணு. அது வெறுமையாக வந்தால் விடை பொய், ஆகவே ஒருவருக்கும் செய்தி போயிருக்கக் கூடாது. இப்போது என் சார்பு வெறும் "மற்றும்" கணுவை "1 = 1" என்றும், வெறும் "அல்லது" கணுவை "1 = 0" என்றும் மொழிபெயர்க்கிறது. புலம் மரத்தில் வராமலே இருந்தால் மட்டுமே கட்டுப்பாடு இல்லை என்று பொருள்.

வெறுமையின் இன்னொரு முகம் பதிவேட்டுக்குள்ளேயே இருக்கிறது. பூநகரிப் பக்கத்தில் மொட்டைக்கறுப்பன் நெல் விதைக்கும் மானாவாரி வயல்களை நம்பியே பலர் இருக்கிறார்கள். அந்த வயல்களுக்குக் குளம் இல்லை. ஆகவே அவர்களின் நிரையில் குளம் என்ற புலம் வெற்றாக இருக்கும். "இரணைமடு அல்லாத ஆக்கள்" என்று செயலாளர் கேட்டார். "குளம் <> ?" என்று எழுதினேன். மானாவாரிக் கமக்காரர் ஒருவர்கூட வரவில்லை. வெற்றுப் புலத்தை எதனோடு ஒப்பிட்டாலும் தரவுத்தளம் உண்மை என்றும் சொல்வதில்லை, பொய் என்றும் சொல்வதில்லை. "தெரியாது" என்ற மூன்றாம் விடையைத் தருகிறது. நிபந்தனை உண்மையாகும் நிரைகளே பட்டியலில் சேர்வதால், தெரியாதவை சத்தமில்லாமல் விழுந்துவிடுகின்றன. "தெரியாது" என்பதை மறுத்தாலும் "தெரியாது" என்றே வரும். ஆகவே முழு நிபந்தனையின் முன்னால் "அல்ல" போடுவதாலும் அவர்கள் மீளமாட்டார்கள். "(குளம் <> ? அல்லது குளம் வெற்று)" என்று வெளிப்படையாக எழுத வேண்டும். இதை ஒவ்வொரு முறையும் நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை. சமமின்மை என்ற ஒப்பீடு வந்தால், மொழிபெயர்க்கும் சார்பு தானாகவே இப்படி விரிக்கும்படி ஒரே இடத்தில் செய்துவிடலாம். நிபந்தனையைத் தரவாக வைத்திருப்பதன் பெரிய நன்மை இதுதான் என்று நினைக்கிறேன்.

தமிழ்த் தரவோடு வேலை செய்பவர்க்கு இன்னொரு பொறி உண்டு, ஆங்கிலப் பாடநூல்கள் இதைத் தொடுவதே அரிது. கிளிநொச்சி என்ற சொல்லில் உள்ள "நொ" என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்துகளுக்குக் கணினியில் எண் தரும் முறையான யூனிக்கோட்டில் அந்த ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பையும் காலையும் இரண்டு குறியீடுகளாக அடுத்தடுத்து வைத்தும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது. ஆனால் தரவுத்தளம் பொதுவாக இரண்டையும் சமமென்று கொள்ளாது. கொக்குத்தொடுவாய் என்ற ஊர்ப்பெயரில் இப்படி இரண்டு இடங்கள் உள்ளன. பதிவேட்டை ஒருவர் ஒரு விசைப்பலகையால் நிரப்பி, தேடுபவர் வேறொன்றால் தட்டச்சுச் செய்தால், கண்முன்னே இருக்கும் ஊர் தேடலில் அகப்படாது. சேமிக்கும்போதும் வடிகட்டும்போதும் சரத்தை என்எஃப்சி என்ற ஒரே வடிவத்துக்கு மாற்றிக்கொள்வதே மருந்து. வடிகட்டும் பக்கத்தில் அதற்கும் இடம் அந்தச் சார்புதான், பெறுமானம் பட்டியலில் சேரும் வரிக்குச் சற்று முன்னால்.

அதே இடத்தில் வகையையும் சரிபார்த்துவிட வேண்டும். வலைப்பக்கத்திலிருந்து ஏக்கர் பெரும்பாலும் "10" என்ற சரமாகவே வரும். சரங்களாக ஒப்பிட்டால் முதலெழுத்து ஒன்று என்பதால் "10" என்பது "9" என்பதைவிடச் சிறியது. எண்ணாக மாற்ற முடியாதது வந்தால் ஏற்கக் கூடாது. பெயரின் ஒரு பகுதியைத் தேடும்போது விழுக்காட்டுக் குறிக்கும் (%) அடிக்கோட்டுக்கும் (_) சிறப்புப் பொருள் இருப்பதால், பயனர் தட்டச்சுச் செய்தவற்றில் அவை இருந்தால் அவற்றை வெறும் எழுத்தாக்கிவிட வேண்டும். பெறுமானங்களின் எண்ணிக்கைக்கும் எல்லை உண்டு. எஸ்கியூலைட்டில் 2020இல் வந்த 3.32 பதிப்புக்கு முன் இயல்பான எல்லை 999, அதன் பின் 32766. ஆயிரக்கணக்கான அங்கத்தவர் எண்களை ஒன்றுவிடாமல் நிபந்தனையில் அடுக்குபவர் என்றோ ஒரு நாள் இதில் முட்டுவார்.

பைத்தன் மொழிக்கான ஜாங்கோ, எஸ்கியூஎல்அல்கெமி போன்ற கருவிகள் இந்த மரத்தைத் தாமே கட்டித் தருகின்றன. மொங்கோடிபி என்ற தரவுத்தளத்தில் வடிகட்டியே ஒரு தரவு ஆவணமாகத்தான் எழுதப்படுகிறது. வேலையில் அவற்றையே பயன்படுத்துங்கள். ஆனாலும் மேலே உள்ள சார்பை ஒருமுறையாவது உங்கள் கையால் பைத்தனில் எழுதிப் பாருங்கள் என்பேன். வெறுமையையும் வெற்றுப் புலத்தையும் அந்தக் கருவி எப்படிக் கையாள்கிறது என்று கேட்கத் தெரிவது அதன் பிறகுதான்.

குறுஞ்செய்திப் பக்கத்தில் நான் பின்னர் சேர்த்த ஒன்றையும் காட்டிவிடுகிறேன். மரம் தரவாக இருப்பதால், அதே மரத்தில் நடந்து, எஸ்கியூஎல்லுக்குப் பதிலாகத் தமிழ் வாக்கியத்தைத் திருப்பும் இரண்டாவது சார்பு ஒன்றை எழுத முடிந்தது. அனுப்பும் பொத்தானுக்கு மேலே அது இப்போது இப்படித் தோன்றுகிறது: "கரைச்சிப் பிரிவில், இரணைமடு அல்லது அக்கராயன் குளத்தின் கீழ், 2 ஏக்கரோ அதற்கு மேலோ வயல் உள்ளவர்கள்." அதன் கீழே எத்தனை பேர் என்ற எண் வருகிறது. கிராமம் எதுவும் தெரிவுசெய்யப்படாதபோது "ஒருவரும் இல்லை" என்று வருகிறது, பொத்தானும் அழுந்துவதில்லை. செயலாளர் அந்த வரியைச் சத்தமாக வாசித்துப் பார்த்துவிட்டே அனுப்புகிறார்.